கீறல் விழாத கண்ணாடி

மச்சான்,

நேற்று மகளுக்குக் கண்ணாடி மாற்றத் தேனிக்குப் போயிருந்தேன். கடை மேசையில் ஒரு குட்டிக் கண்ணாடி கிடந்தது, தலைக்குப் பின்னால் மாட்டும் எலாஸ்டிக் நாடாவோடு. பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைக்காரரையும் அப்படியே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வயதில் குலசாமி கோயிலில் அவளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் என்று நீங்கள் ஆண்டிபட்டியிலிருந்து வந்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். பொங்கல் அடுப்புப் புகை படாமல் அவள் முகத்தைக் கையால் மறைத்தீர்கள். வலது கண்ணை மறைத்தபோதெல்லாம் வீறிட்டாள். இடது கண்ணை மறைத்தால் சும்மா இருந்தாள். ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. பந்தியில் எல்லோரும் கறிக்கு அடித்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் ஒரு மூலையில் அவள் கண்களை மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாப்ள, பிள்ளைக்கு ஒரு கண்ணு சரியில்ல. ஆசுபத்திரில காட்டுவோம்."

நல்ல நாளில் என்ன பேச்சு இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பார்க்க இரண்டு கண்ணும் ஒன்றுபோல்தான் இருக்குமாம். இடது கண்ணில் பவர் அதிகம். மங்கலாகத் தெரிவதால் மூளை அதை ஒதுக்கிவிட்டதாம். நாள் முழுதும் கண்ணாடி போட்டால் அந்தக் கண்ணும் பழகிவிடும், வயது ஏற ஏறக் கஷ்டம் என்றார். கண்ணாடியை நீங்களே வாங்கினீர்கள், தாய்மாமன் முறை என்று. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. உங்களுக்கு அப்போது எட்டு வயதில் ஒரு மகன். கண்ணாடி போட்ட பெண்ணை வெளியில் யார் கேட்பார்கள்? முறை மாப்பிள்ளைக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கிறீர்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். திராட்சை வியாபாரிகளிடம் ஏமாந்து ஏமாந்து, யார் நல்லது செய்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கும் புத்தி எனக்கு.

உங்கள் தங்கை காலையில் கண்ணாடியை மாட்டிவிடுவாள். நான் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கொடிப் பந்தலுக்குள் நுழைந்ததும், கண்ணாடி நிரந்தரமாகிவிடக் கூடாது என்று கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். "அப்பா, கண்ணாடி?" என்று அவளே கேட்பாள். "உடஞ்சிரும் ஆத்தா" என்பேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையுமுன் மறுபடி மாட்டிவிடுவேன். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

மறுபடி காட்டியபோது கண் அப்படியே இருந்தது. "நாள் பூரா போட்டுத்தானண்ணே இருக்கா" என்று உங்கள் தங்கை அழுதாள். நீங்கள் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தீர்கள். ஒரு கீறல் இல்லை. நாலு வயதுப் பிள்ளை ஒரு வருஷம் போட்ட கண்ணாடி! என்னை ஒருமுறை பார்த்தீர்கள். "சில பிள்ளைகளுக்கு நாளாகும் ஆத்தா" என்று அவளைத் தேற்றினீர்கள். பஸ் ஸ்டாண்டில்தான் தனியே சொன்னீர்கள்.

"என்னயச் சந்தேகப்படுங்க மாப்ள, பரவால்ல. அதுக்காகப் பிள்ள கண்ணக் கெடுத்துராதீக."

அன்றிலிருந்து கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆனால் உங்கள் மேல் உள்ள சந்தேகத்தை விட்டேனா? ஒவ்வொரு பொங்கலுக்கும் நீங்கள் சீரோடு படியேறும்போது, இந்தத் தடவை பெண் கேட்டுவிடுவீர்கள் என்று காத்திருந்தேன். பன்னிரண்டு வருஷம். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு விட்டீர்கள். பெண் கொடுக்க இஷ்டமில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று கம்பத்தில் பஸ் ஏறியதிலிருந்து வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அந்தக் கண்ணாடி விசயத்தத் தங்கச்சிகிட்டச் சொல்லிராதீக மாப்ள. அவ தாங்கமாட்டா."

அவ்வளவுதான் கேட்டீர்கள்.

இன்றுவரை சொல்லவில்லை, மச்சான். இடது கண் நன்றாகவே தேறிவிட்டது. டாக்டரம்மாவின் எழுத்துப் பலகையில் கடைசி இரண்டு வரி மட்டும் தெரியவில்லை. அது பிறவிக் குறை என்று உங்கள் தங்கை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இரண்டு வரியும் நான் பறித்தது.