ஏழாவது கட்டத்தில் நான் எழுதிய பூஜ்ஜியம்

அனுப்புநர்:
பதிவெழுத்தர்,
குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்,
பழைய நூலகக் கட்டடம், முதல் மாடி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நிதியுதவிப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை பற்றிய தகவலைப் பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், எங்கள் அலுவலகம் ஆகிய நான்கும் கணினி வழியே உடனுக்குடன் பகிர்ந்துகொள்ளக் கேட்ட நிதியுதவி மறுக்கப்பட்டது – விண்ணப்பத்தில் நான் தந்த பதில் ஒன்றைத் திருத்தி, மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய இயக்குநர் அம்மா அவர்களுக்கு,

1. தங்கள் மறுப்புக் கடிதம் சென்ற வியாழக்கிழமை கிடைத்தது. தாமதமே இல்லாத அலுவலகத்துக்கு இந்த உதவி அவசியமில்லை என்று அதில் கண்டுள்ளது. அதைப் படித்த எங்கள் அதிகாரி, "நம்ம நல்ல பேரே நமக்கு வினையாப் போச்சே" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். விண்ணப்பத்தை நிரப்பியவள் நான். "தகவல் பிற துறைகளுக்குச் சென்றுசேர ஆகும் தாமதம், நாட்களில்" என்ற ஏழாவது கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டவளும் நானே.

2. அந்தப் பூஜ்ஜியம் சும்மா வந்ததல்ல. ஒரு குழந்தையின் உடம்பில் இருக்கக்கூடாத காயத்தைப் பார்க்கும் ஆசிரியையோ நர்ஸோ மஞ்சள் படிவம் ஒன்றை மூன்று பிரதிகள் எழுத வேண்டும். முன்பு அவை வாரம் இருமுறை வரும் அலுவலகத் தபால் பைக்காகக் காத்துக் கிடக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக என் ஸ்கூட்டரில் நானே போய் வாங்கி, அன்றைக்கே உரிய இடங்களில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருகிறேன். மழையில் நனையாதிருக்க என் மகளின் பழைய சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொள்வேன். இது என் வேலையல்ல. செய்யச் சொல்லி எவரும் உத்தரவிடவுமில்லை. காவல் நிலையத்தில் எனக்கு "மஞ்சத்தாள் அக்கா" என்று பெயர். நான் படியேறும் சத்தம் கேட்டதும் அங்குள்ள பெண் காவலர் பேனாவைத் திறந்து வைத்துக்கொள்வார். "பால் வாங்க மறந்துடுவ, தாள் மட்டும் மறக்காது உனக்கு" என்று என் கணவர் கேலி செய்வதுண்டு.

3. சென்ற ஆண்டு நூற்று நாற்பத்தாறு படிவங்கள். என் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதியும் சேர்ப்பித்த தேதியும் ஒன்றே. பூஜ்ஜியத்தை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதைத் தங்களிடம் மறைப்பானேன்? இந்த வேலையில் எனக்கிருக்கும் பெருமையை இப்போதும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

4. ஆனால் அம்மா, அந்தப் பூஜ்ஜியம் உண்மையல்ல. படிவம் என் கைக்கு வந்த பிறகுதான் பதிவேட்டில் தேதி ஏறும். அதற்கு முன் அது காத்துக் கிடந்தால் கணக்கில் வராது.

சென்ற ஆண்டு என் தங்கையின் பிரசவத்துக்காக மூன்று நாள் விடுப்பில் இருந்தேன். முதல் நாளான செவ்வாயன்று காலை, ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் முதல் வகுப்புப் பெண் குழந்தையைப் பற்றிப் படிவம் எழுதி, வழக்கம்போல் தலைமையாசிரியர் அறைத் தட்டில் வைத்தார். அக்கா வந்து எடுத்துக்கொள்வார் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அவர்களை அப்படிப் பழக்கியவள் நான்தான். குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது ஆசிரியை, "அக்கா, புதன்கிழமையிலிருந்து பாப்பா பள்ளிக்கூடத்துக்கே வரல" என்றார். படிவத்தோடு நேரே காவல் நிலையத்துக்கு வண்டியை விட்டேன். அரை மணி நேரத்தில் காவலரும் எங்கள் அதிகாரியும் அந்த வீட்டு வாசலில் நின்றார்கள்.

குழந்தை இப்போது தன் அத்தை வீட்டில் நலமாக இருக்கிறாள். ஆனால் செவ்வாயன்று ஆசிரியை எழுதியது ஒரு காயம். வெள்ளியன்று மருத்துவர் எழுதியவை நான்கு. அவற்றுள் ஒன்று இடது கை எலும்பு முறிவு. பதிவேட்டில் நான் வாங்கியது வெள்ளி, சேர்ப்பித்தது வெள்ளி என்று எழுதினேன். விதிப்படி அது சரி. என் மனசாட்சிக்குச் சரியில்லை. விண்ணப்பம் நிரப்பிய அன்றும் அந்தக் குழந்தை என் நினைவில் இருந்தாள். நல்ல பெயர் கெட்டுவிடுமே என்று பூஜ்ஜியம் போட்டேன்.

5. நாங்கள் கேட்கும் ஏற்பாட்டில், ஆசிரியை அனுப்பிய நிமிடமே மற்ற மூன்று இடங்களிலும் மணி அடிக்கும். கால் மணி நேரத்தில் எவரும் திறந்து பார்க்காவிட்டால் மேலதிகாரிக்குப் போய்விடும். அதற்கு விடுப்பு கிடையாது, தங்கையும் கிடையாது. இதற்காக அந்த ஆசிரியை, நர்ஸ், பெண் காவலர், நான் நால்வரும் ஆறு சனிக்கிழமைகள் உட்கார்ந்து பொதுப் படிவம் ஒன்றைத் தயாரித்து, நான்கு அலுவலகத் தலைவர்களிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டோம். நான்கு அலுவலகங்கள் ஒரே படிவத்துக்குச் சம்மதிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது தாங்கள் அறியாததல்ல. பணம் வந்தால் மறுவாரமே தொடங்கத் தயாராக இருக்கிறோம்.

6. ஆகவே, ஏழாவது கட்டத்திலுள்ள பூஜ்ஜியத்தை அடித்துவிட்டு "மூன்று" என்று திருத்தி, இம்மாதக் குழுக் கூட்டத்திலேயே எங்கள் விண்ணப்பத்தை மீண்டும் எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தவறான தகவல் தந்ததற்கு நடவடிக்கை உண்டென்றால், அது என் ஒருத்தியோடு நிற்கட்டும், விண்ணப்பத்தின்மேல் வேண்டாம். என்னிடம் விளக்கம் கேட்கும் கடிதத்தைச் சாதாரணத் தபாலிலேயே அனுப்பலாம். அது எத்தனை நாள் தாமதமாக வந்தாலும் எந்தக் குழந்தையின் கையும் முறியாது.

இடம்: பதிவுப் பிரிவு, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்
நாள்: ஏழாம் தேதி, திங்கட்கிழமை

தங்கள் முடிவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
பதிவெழுத்தர்

இணைப்பு: செவ்வாய் தேதியிட்ட மஞ்சள் படிவத்தின் நகல், அதற்குரிய என் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.