கோட்டுக்குக் கீழே விழுந்த புள்ளிகள்

2024 ஜூலை 9

மறுபடியும் அதே இடத்தில் சரிவு.

எலக்ட்ரான்கள் அணுவைவிட்டுப் பிரிந்து திரியும் சூடான, அடர்ந்த பிளாஸ்மாவுக்குள் பாயும் அயனி, வழியெல்லாம் எலக்ட்ரான்களைத் தள்ளித் தள்ளித் தன் ஆற்றலை இழக்கிறது. அது வேகமாகப் போகிறவரை என் கணக்கும் மனோகரன் சாரின் சூத்திரமும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. எலக்ட்ரான்களின் வேகத்துக்குக் கிட்டே அது இறங்கி வரும்போது இழப்பு உச்சம் தொட வேண்டும். அங்கேதான், வரைபடத்தில், என் புள்ளிகள் சாருடைய சூத்திரம் போடும் கோட்டுக்குக் கீழே விழுகின்றன.

சாரிடம் காட்டினேன். திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. புரோகிராமில் தவறு இருக்கும் என்றார். எங்கே என்று கேட்டேன். அதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். என் பிஎச்.டி.க்கு வழிகாட்டி அவர். அந்தச் சூத்திரத்தால் பெயர் வாங்கியவரும் அவர். நான் வேறென்ன பேச?

ஜூலை 22

தவறு புரோகிராமில் இல்லை. ஒவ்வொரு மோதலும் லேசான உரசல் என்று எடுத்துக்கொள்கிறது அவர் சூத்திரம். மிக நெருங்கி, பலமாக மோதுவதை அது சரியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. உச்சத்தில் அந்த மோதல்களைத் தள்ளிவிட முடியாது.

சொன்னேன். சிரித்தார். புரோகிராமை ஸ்ரீநாத்திடம் கொடு, அவன் ஒரு தடவை பார்க்கட்டும் என்றார். ஸ்ரீநாத் எனக்கு சீனியர், நல்லவன்தான். கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 3

ஒரு ஆய்விதழிலிருந்து மெயில். உங்கள் கட்டுரை கிடைத்தது, நன்றி.

எந்தக் கட்டுரை?

திறந்து பார்த்தேன். என் வரைபடம். ஆனால் புள்ளிகள் எல்லாம் சாருடைய கோட்டின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. முதல் பெயர் என்னுடையது.

ஸ்ரீநாத்தைப் பிடித்துக் கேட்டேன். மோதல் பகுதியில் ஒரு எண்ணால் பெருக்கியிருக்கிறான். எந்தக் காரணமும் இல்லாத எண். கோட்டில் ஒட்டும்வரை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். “சார் சொன்னாரு, போட்டேன்” என்றான்.

யாரைக் கேட்டு என் பேரைப் போட்டாங்க? திருடியிருந்தாக்கூடப் பரவால்ல. பொய்யைச் செஞ்சி என் தலையில கட்டிட்டாங்களே. இந்த எண்ணை நம்பி யாராவது நாளைக்கு அணு இணைவு எரிபொருளில் எவ்வளவு சூடு தங்கும் என்று கணக்குப் போடுவான். தப்பாக வரும். யார் போட்டது என்று பார்ப்பான். நிஷா என்று இருக்கும்.

செப்டம்பர் 4

ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பருத்திப்பட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது எதுவும் நினைவில் இல்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராணுவ டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

“உனுக்கு இன்னாம்மா போச்சு? உன் பேரத்தான மொதல்ல போட்டுக்கீறாரு?”

அதுதாம்ப்பா போச்சு என்று கத்திவிட்டேன். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர்மேலும் கோபம். அவர்மேல் எதற்குக் கோபம்?

செப்டம்பர் 5

ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். கட்டுரையில் இருப்பது என் முடிவு அல்ல, அனுப்ப நான் சம்மதிக்கவும் இல்லை. சாருக்கும் ஒரு நகல்.

செப்டம்பர் 6

சார் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 11

சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று, இனி நீ என் மாணவி இல்லை என்றார். நான் வாசலுக்குப் போன பிறகு, “உன் நல்லதுக்குத்தாம்மா செஞ்சேன்” என்றார்.

பொய் சொல்லவில்லை. அந்தக் கோட்டில் உட்கார வைத்துவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன் என்று நிஜமாகவே நம்புகிறார். அதுதான் தாங்க முடியவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக வெறுத்திருப்பேன்.

நவம்பர் 18

அதே துறையில் இருக்கும் சுதா மேடம் என்னைத் தன் மாணவியாக எடுத்துக்கொண்டார். பிஎச்.டி. பதிவு மறுபடி முதலிலிருந்து. காலையில் பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் வகுப்பு எடுக்கிறேன், அதன் பிறகுதான் ஆராய்ச்சி. வழியில் யாராவது எப்போது டாக்டர் ஆவாய் என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

2025 மே 6

என் கட்டுரை வெளிவந்தது. புள்ளிகள் விழுந்த இடத்திலேயே இருக்கின்றன. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேடத்தின் பெயரையும் என் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்தார். “இத யாரும் மாத்தலியே?” என்று கேட்டார். இல்லப்பா என்றேன். சாப்பிடக் கூப்பிட்டார்.

அக்டோபர் 8

வெளிநாட்டுச் சோதனைக்கூடம் ஒன்று அயனியின் ஆற்றல் இழப்பை நேரடியாக அளந்து வெளியிட்டிருக்கிறது. உச்சத்தில் சாருடைய கோடு தவறு. அளந்த புள்ளிகள் வெகு கீழே இருக்கின்றன.

என் புள்ளிகளுக்கும் கீழே.

நானும் தவறு. அவரைவிடக் குறைவான தவறு, ஆனாலும் தவறுதான். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மனோகரன் சார் போன் செய்தார். இத்தனை நாளுக்குப் பிறகு. குரல் இளகியிருந்தது. இரண்டு பேருமே சரியில்லை பார்த்தாயா, இதற்கா அவ்வளவு சண்டை என்றார். சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாமா என்றும் கேட்டார்.

“என் தப்பு என் பேர்ல இருக்கு சார். நானே திருத்திக்கிறேன்.”

சரிம்மா என்று வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரைத் திறந்து, நெருங்கிய மோதல்களுக்கான பகுதியை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.