பெரட்டுக் களத்தில் பள்ளிக்கூடச் செய்தி

ஸ்பிரிங்வெளி, மேல் டிவிசன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜெயரூபனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூன்று பேரும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், கொரியாக் குளிரில் நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பண்டாரவளை றிஸ்னி லீவு முடிந்து உங்கள் பக்கம் திரும்புகிறானாம், அவன் கையில் இந்தக் கடிதத்தோடு மிளகாய்த்தூளும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் தைலம் தேய்க்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பார்க்க அவ்வளவு அழகு.

தங்கச்சி விதுர்ஷாவின் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று போனில் சொல்லச் சொல்ல லைன் அறுந்து போனது, பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும், அதனால் முழுதையும் எழுதுகிறேன். அவளுடைய சாதாரண தர எழுத்துப் பரீட்சை முடிந்து, நடனத்துக்குச் செய்முறை மட்டும் பாக்கி இருந்தது. அது அடுத்த கிழமை என்று சொல்லியிருந்தார்கள். இப்போது பள்ளிக்கூடத்துச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது, என்ன கொண்டு வர வேண்டும், எப்போது கூட்டம், யார் பரிசு வாங்கினார்கள், எல்லாம் அதில்தான். நம் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் எங்கே இருக்கிறது, உனக்குத் தெரியாததா. அன்றைக்குச் சனிக்கிழமை, மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன், மடியில் கட்டியிருந்த போன் திடீரென்று டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தால் லரீபா டீச்சர் முதல் நாள் சாயந்தரம் அனுப்பியது. செய்முறைப் பரீட்சை முன்னுக்கு வந்துவிட்டதாம், இன்றைக்கே பதுளையில், பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நம் டிவிசனில் மட்டும் நாலு பிள்ளைகள் நடனம், ஒரு வீட்டுக்கும் தெரியாது. கூடையை அப்படியே தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுக் கங்காணியிடம் "அண்ணே, பிள்ளைங்களுக்கு இன்னைக்குப் பரீட்சையாம், நான் போறேன்" என்றேன். அவர் "நில்லாத, ஓடு, கூடைய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

உன் தங்கச்சி பீலித் தண்ணீரடியில் போர்வை துவைத்துக்கொண்டு நின்றாள். செய்தியைச் சொன்னதும் அவள் அழ ஆரம்பித்தாள், நான் "அழுறத வண்டியில அழு, இப்ப சேலையை எடு" என்று விரட்டினேன். மற்ற மூன்று வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு பிள்ளை வாயில் ரொட்டியோடு சலங்கையைத் தேடுகிறது, இன்னொன்றுக்குத் தலையெல்லாம் எண்ணெய். பஸ் போய்விட்டது. நல்ல வேளை, புஹாரி நானா மரக்கறி வேனோடு லயத்துக்குக் கீழே நின்றார். நான் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் தராசை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, "கோவா நாளைக்கும் விக்கும் தங்கச்சி, பரீட்சை நாளைக்கு இல்லயே, பிள்ளைங்கள ஏத்துங்க" என்றார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன், பின்னால் கோவா மூட்டைக்கும் கரட் மூட்டைக்கும் நடுவில் நாலு பேரும் உட்கார்ந்து, அந்த வளைவு ரோட்டில் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டு போனார்கள். பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பேர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் லரீபா டீச்சர் நின்றுகொண்டிருந்தார், எங்களைக் கண்டதும் அவருக்கும் கண் கலங்கிவிட்டது. ராத்திரி எல்லாருக்கும் போன் எடுத்தாராம், ஒரு லைனும் கிடைக்கவில்லையாம். விதுர்ஷா ஆடி முடித்து வெளியே வந்தபோது அவள் கொண்டையில் ஒரு கரட் இலை சொருகிக்கொண்டிருந்தது. அதோடுதான் ஆடியிருக்கிறாள்! இப்போது நடனத்துக்கு ஏ, மற்றப் பாடமும் எல்லாம் பாஸ், பதுளையில் உயர்தரம் சேர்ந்தாயிற்று.

அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். நான் எழுந்து, "சேர், நீங்க அனுப்புறதுல குறையில்ல, எங்களுக்கு மலையேறினாத்தான் அது வருது" என்று சொன்னேன். அதிபர் கோபப்படவில்லை, அப்படியானால் என்ன செய்யலாம் நீங்களே சொல்லுங்கள் என்றார். சிலர் எழுதிக் கடையில் ஒட்டலாம் என்றார்கள், வேறு சிலர் வாசிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்றார்கள். நம் கங்காணிதான், "காலையில பெரட்டுக்கு எல்லாரும் வர்றோம், பேரு பதியிற நேரத்துல கோயில் மைக்குல வாசிச்சா என்ன" என்று கேட்டார். தோட்டத்துத் துரையும் சரி என்றுவிட்டார். யார் வாசிப்பது என்றதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். முதல் நாள் மைக்கைப் பிடித்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது மகனே, திருவிழாவில் கேட்ட பழக்கத்தில் "பக்த கோடிகளே" என்று ஆரம்பித்துவிட்டேன். பெரட்டே சிரித்தது, உன் அப்பா எல்லாருக்கும் முந்திச் சிரித்தார். இப்போது பழகிவிட்டது. லரீபா டீச்சர் பெரிய எழுத்தில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற நாள், தடுப்பூசி, சிரமதானம், இங்கிலிஷ் போட்டியில் யார் முதலாவது, எல்லாம் வாசிக்கிறேன். பிள்ளையின் பேர் வந்தால் அன்றைக்கு முழுக்க அந்தத் தாய்க்காரி மலையில் பாடிக்கொண்டுதான் கொழுந்து எடுப்பாள்.

போன வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அழகையா அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும், யாரோடும் அதிகம் பேசமாட்டார், பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை, போனால் கையெழுத்துப் போடச் சொல்வார்கள் என்று பயம். அவருடைய மகள் கம்சலா ஊவா மாகாணத்திலேயே நீளம் பாய்தலில் முதலாவதாக வந்து அகில இலங்கைப் போட்டிக்குப் போகிறாள். நான் தாளில் இருந்தபடியே "அ. கம்சலா" என்று வாசித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பேர் பதிந்து ஆட்கள் மலைக்குக் கிளம்பியும் அவர் மட்டும் கவ்வாத்துக் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு மெல்லக் கிட்டே வந்து, "தாயி, பேருக்கு முன்னால என்னமோ ஒன்னு சொன்னியே, அது என்னா?" என்று கேட்டார். "அது நீங்கதாண்ணே, உங்க பேரோட முதல் எழுத்து" என்றேன். கத்தியை அக்குளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "அப்ப அத முழுசா ஒருக்கா வாசிச்சிரு" என்றார். மைக்கைத் திரும்பப் போடச் சொல்லி, மலையேறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று திரும்பிப் பார்க்க, "அழகையா மகள் கம்சலா" என்று என் குரல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்கு வாசித்தேன்.

சரி மகனே, றிஸ்னி வண்டிக்கு அவசரப்படுவான். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, கையுறை கிழிந்தால் உடனே மாற்றிக்கொள். வருகிற ஞாயிறு தங்கச்சிக்குப் பிறந்தநாள், மறக்காமல் பேசு, நாங்கள் மேல் மலையில் வந்து நிற்போம். கதிர்காமக் கந்தன் உனக்கு நோய்நொடி இல்லாத ஆயுளும் நல்ல மனிதர்களின் துணையும் தரட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
பெரியாயி