நலம் என்று எழுதிய அட்டை

மாதா துணை

மில்லிக்கன், கனடா

அன்பு மகள் நடாஷாவுக்கு,

அப்பா ஆசீரோடு எழுதுவது. நீயும் மியூனிக் குளிரும் இப்போது சமாதானமாகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் சுகத்தை வழமைபோல் முதல் வரியில் எழுதவில்லை, காரணம் கீழே வரும்.

நீ வேலைக்குப் போன நாளிலிருந்து உன் அப்பா ஜேர்மனி நிபுணர். நூலகத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் போர்க்கைதி முகாம்களைப் பற்றி நான்கு புத்தகம் எடுத்து வாசித்துவிட்டு, முதியோர் சங்கத்தில் பேசுகிறேன் என்று நானாகவே பெயர் கொடுத்தேன். கைதிகள் கட்டில் பலகையை உருவிச் சுரங்கத்துக்கு முண்டு கொடுத்தது, செஞ்சிலுவைப் பார்சலில் வந்த பால்மாத் தகரப் பேணிகளைப் பொருத்திக் காற்றுக்குழாய் செய்தது எல்லாவற்றையும், நானே தோண்டியவன் மாதிரி முக்கால் மணித்தியாலம் முழங்கினேன். பேஸ்மென்ற்றில் பல்ப் மாற்றவே அம்மா ஏணி பிடிக்க வேண்டிய ஆள் நான். கிறிஸ்துநாயகம் அண்ணை முன்வரிசையில் கண்ணை மூடியிருந்தார், ஆழ்ந்து கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும், எங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் டொரத்தி எழும்பி ஒரு பழைய தபாலட்டையைக் காட்டினார். அவருடைய தகப்பன் கனேடியப் படையில் போய், பிரான்சின் டியெப் கடற்கரையில் பிடிபட்டு முகாமில் இருந்தவராம். நான் நலம், சாப்பாடு போதும், கவலை வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. தணிக்கைக்குத் தப்பி எதுவும் வெளியே போகாது என்று சற்றுமுன் விளக்கியவனும் நான்தான். அந்த அட்டை எழுதிய மாதங்களில் பகல் முழுக்க அவர்களின் கைகளைக் கட்டி வைத்திருந்தார்களாம். தகப்பனின் தாய் அதை நம்பி அயலெல்லாம் வாசித்துக் காட்டினாராம். மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள், நான் என் குறிப்புகளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

என் போன கடிதமும் அதே அட்டைதான் பிள்ளை. அம்மா கோயில் வேலையில் மும்முரம், அதுதான் போனுக்கு வரவில்லை என்று எழுதினேன். அந்தக் கிழமை அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மார்பில் கட்டி, புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி ஒப்பரேஷன். "பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ, வேலையை விட்டிட்டு ஓடி வந்திடுவாள்" என்றாள், நானும் தலையாட்டினேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வருத்தத்தை மறைப்பதுதானே எங்கள் ஆட்களின் பெரிய கெட்டித்தனம். டொரத்தியின் தகப்பனுக்குத் துவக்கோடு காவல் நின்றது. எனக்கு யார் நின்றது? உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது, தனியே தாங்க முடியவில்லை.

போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். கடிதத்தையும் அவள் வாசித்துக் கீழே ஒரு வரி எழுதாமல் அனுப்புவதில்லை. ஆகையால் சுரங்க வீரன் கராஜுக்குள் ஒளித்திருந்து எழுதுகிறேன். பதினெட்டுக்கு முன் வந்துவிடு. தற்செயலாக லீவு கிடைத்தது என்று சொல். தடித்த ஜக்கெற்றைப் பெட்டிக்குள் வைக்காமல் கையில் கொண்டுவா. மாதா உன்னைக் கைவிடமாட்டா.

உன் அப்பா,
பஸ்ரியன்

நடாஷா, இது அம்மா. இந்தக் குளிருக்குள்ள மனுசன் கராஜில ஒரு மணித்தியாலம் இருந்தால் எனக்கு விளங்காதோ. கிழிக்கத்தான் எடுத்தனான். கிழிக்கயில்லை. வா பிள்ளை.