மூக்கு ஏமாற்றினால் விரலை நம்புங்கள்

என்னங்க,

பழைய பேக்கனை, அந்தப் பன்றி இறைச்சித் துண்டுகளை, குப்பையில் போட்டுவிட்டேன், தேடாதீர்கள். "நல்லா பொரிச்சா சரியாயிடும்"னு நேற்று சாதித்தீர்களே, கெட்ட இறைச்சியைக் கருகப் பொரித்தாலும் அது கெட்டதுதான். பாக்கெட்டைப் பிரித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்தான் கணக்கு.

புதியது கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் இருக்கிறது. பிரித்த தேதியை மூடியில் எழுதியிருக்கிறேன். பாதியை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன், ஒரு மாதம் தாங்கும். மதியம் உங்கள் அண்ணன் வந்ததும் டப்பாவில் இருப்பதைப் பொரித்துக் கொடுங்கள்.

காய்ச்சலுக்குப் பிறகு உங்களுக்கு வாசனை தெரியவில்லை, அவ்வளவுதானே? விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, சிவப்பு மங்கிச் சாம்பலாகவோ பச்சையாகவோ தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். சந்தேகமென்றால் புளித்த வாடை வருகிறதா என்று அண்ணனை முகரச் சொல்லுங்கள். வாயில் மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள்.

நேற்று போனில் அண்ணனிடம், "மூக்கே இல்லாத சமையல்காரர் உங்க தம்பி"ன்னு சிரித்தது என் தப்பு. நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதைப் பார்த்தேன். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வீம்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு டாக்டரைப் பார்க்கிறோம். நானும் லீவு போட்டுவிட்டேன்.

பி.கு. வாசனை தெரியாததை உங்கள் ஹோட்டலில் இனியும் மறைக்க வேண்டாம். நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை.

இன்னொன்று: பொரித்ததில் எனக்கும் இரண்டு துண்டு ஃப்ரிட்ஜில் எடுத்து வையுங்கள். முகர்ந்து பார்க்காமலே சாப்பிடுவேன்.