சத்தமில்லாமல் ஓடிய ரயில்

என்னங்க,

வணக்கம். நான் நலம், நீங்கள் நலமா என்று கேட்டுத் தொடங்க மனசு வரவில்லை. இரண்டு பேருமே நலமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபோன் செய்தால் நீங்கள் பேசுவதில்லை. மகள் ஃபோனைக் காதருகே கொண்டுவந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறீர்களாம். சரி, கடிதத்தை என்ன செய்வீர்கள்? அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது எழுந்து ஓடவா போகிறீர்கள்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்தே பிழைத்தவள் நான். ஆளை லைனில் பிடித்துவைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மகளே, உனக்கு ஒரு வார்த்தை. எழுதியதை எழுதியபடியே வாசி. அப்பாவுக்கு வலிக்குமே என்று எதையும் விழுங்கிவிடாதே. தொண்டையை அடைத்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்து வாசி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் கடைக்கு ஏதாவது வாங்க அனுப்பு. இது எங்கள் இருவர் சமாச்சாரம். நீ வெறும் லைன்.

ஆபரேஷன் முடிந்து கண் கட்டைப் பிரித்த அன்று டாக்டர் டார்ச்சை அடித்து, தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் சட்டைப் பையிலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்தீர்கள். இடது கண் போனபோது, இன்னொன்று இருக்கிறதே என்று உங்களைத் தேற்றியவள் நான். வலது கண்ணுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்றைக்கே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகு மகள் வீட்டில் வைத்து நீங்கள் என்னிடம் பேசியது ஒரே ஒரு விஷயம்தான். "நீ வீட்டுக்குப் போ. மாடி அறையில இருக்கற ரயிலையெல்லாம் யாருக்காவது குடுத்துடு. அது அந்த வீட்டை விட்டுப் போனப்புறம்தான் நான் உள்ள வருவேன்" என்றீர்கள். நானும் மறுபேச்சுப் பேசாமல் கிளம்பி வந்தேன். அந்த நிலைமையில் உங்களோடு வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

நீங்கள் சொன்னபடி பொம்மைக் கடைக்காரரை வரவழைத்தேன். நல்ல மனுஷர். டேப்பை எடுத்து மூன்று சுவர் நீளத்துக்கும் ரயில் ஓடும் பலகையை அளந்தார். அதன்மேல் நீங்கள் செய்து வைத்த மலைகளைத் தட்டிப் பார்த்து, என்ன இவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று கேட்டார். ஊர்க்காரர்களுக்குப் பல் செட் செய்யும் அவர் பட்டறையில் மிஞ்சிய பிளாஸ்டர், இந்த ஊரில் பாதிப் பேருடைய பல்லும் எங்கள் வீட்டு மலையும் ஒரே மூட்டையில் பிறந்தவை என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்கு ஏனோ அவர்மேல் கோபமாக வந்தது.

ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொன்னார். கன்ட்ரோல் பெட்டியின் குமிழை நீங்கள் திருப்புவதுபோல மெதுவாகத் திருப்பினேன். பச்சை எஞ்சின் ஆறு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. பாதிச் சுற்று போவதற்குள் கடைக்காரர், "என்னம்மா இது, சத்தமே இல்ல!" என்று வாயைப் பிளந்தார். எல்லோரும் அதைத்தானே சொல்வார்கள். தண்டவாளத்துக்கு அடியில் நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிய கார்க்கைப் பற்றி அவரிடமும் பெருமையடித்துக்கொண்டேன். பலகைமேல் நேரடியாகப் போட்டால் தகர டப்பாவை உருட்டுவதுபோல் கேட்கும், அது ரயிலுக்கு அவமானம் என்று நீங்கள் சொல்வதையும் சொன்னேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் இங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. கண்ணை மூடினேன். என்னங்க, அந்த அறையில் ரயிலே இல்லை. சத்தத்தை ஒழிக்க நீங்கள் அவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள். கண்ணை மூடியதும் மலை, பாலம், வண்டி எல்லாமே ஒட்டுமொத்தமாகப் போய்விட்டன. கடைக்காரரிடம் அப்புறம் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பாவம், டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இனிமேல் எழுதப்போவதைக் கேட்டு நீங்கள் கத்துவீர்கள். கத்துங்கள்.

கார்க்கைப் பிய்த்துவிட்டேன். பொடி ஆணிகளைக் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்கி, காய் நறுக்கும் கத்தியால் சுரண்டி எடுத்தேன். உதிரியாகத்தான் வந்தது. இனி திரும்ப ஒட்ட முடியாது. ஒயர்களைத் திரும்பச் சேர்த்துக் கொடுக்கக் கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். "ஜம்முனு ஓடற வண்டிய ஏங்க்கா கெடுக்கறீங்க?" என்று தலையில் கை வைத்தார். எதற்கு என்று சொன்னேன். குனிந்த தலை நிமிராமல் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இப்போது வண்டி பலகைமேல் தடதடவென்று ஓடுகிறது. பாலத்துக்கு அடியில் பிஸ்கட் டின்னை வெட்டித் தகடாக வைத்திருக்கிறேன்; அங்கே போனால் கலகலவென்று கேட்கும். ரயில்வே கேட் இருக்கும் இடத்தில் தண்டவாளத்தை ரம்பத்தால் வரிசையாகக் கீறிவிட்டேன். டக்டக் டக்டக் என்று தாண்டும். மலைக்குள் நுழைந்தால் குரல் தானாகவே கம்முகிறது, உங்கள் பிளாஸ்டரின் புண்ணியம். ஸ்டேஷனில் மட்டும் கார்க்கைத் தொடவில்லை. வண்டி சத்தமாக வந்து, வந்து, திடீரென்று அமைதியானால் ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது குமிழைத் திருப்பினால் நடைமேடையில் நிற்கும்.

செய்துவிட்டுச் சும்மா இருப்பேனா? துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து ஓட்டினேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. போகப்போகப் பாலமும் ரயில்வே கேட்டும் பிடிபட்டன. ஜன்னல் பக்க வளைவில் மட்டும் நான் திரும்ப ஆணி அடித்தது கோணலாகிவிட்டது போலிருக்கிறது. வண்டி அங்கே தடம் புரண்டு விழுந்தது. விழுந்தது கேட்டது. துண்டை அவிழ்க்காமலே தூக்கி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். எஞ்சின் மல்லாந்து, சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. விரலால் தடவித் தண்டவாளத்தில் ஏற்றப் பார்த்தால், முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரம் இறங்குகிறது. தடவுகிற அவசரத்தில் நீங்கள் நட்ட மரங்களை முறித்துவிட்டேன். நடைமேடையில் பெட்டியோடு நிற்பாளே அந்தப் பொம்மைப் பெண், அவளும் என் முழங்கை பட்டுக் கீழே விழுந்துவிட்டாள். கடைசிவரை ஏற்ற முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பொய் சொல்ல மாட்டேன். பார்ப்பதுபோல் இல்லை. காதால் கேட்பது கேட்பதுதான். அந்த இருட்டில் எனக்கு அத்தனை பயமாக இருந்தது, இத்தனைக்கும் என்னால் துண்டை அவிழ்த்துவிட முடியும். நீங்கள் ஏன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள் என்பது அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

இருந்தாலும் ஒரே ஒரு தடவை வந்து கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் என்னைத் திட்டுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். மகள் கையைத் தட்டிவிடாமல் மருந்தை வாங்கிக் குடியுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து வாசல் பக்கமே காதாக இருக்கும்,
உங்கள் மனைவி

*

என்னங்க,

வணக்கம். மகள் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

கார்க் என்ற இடம் வந்ததும், "பிய்ச்சுட்டாளா? கத்தியாலயா?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டீர்களாம். அந்தப் பசை காய ஒரு மழைக்காலம் முழுக்க ஜன்னலைத் திறக்காமல் காத்திருந்தேன், அவளுக்கு என்ன தெரியும் என்று கத்தினீர்களாம். மகள் அதை அழுதுகொண்டே சொன்னாள். நான் இந்தப் பக்கம் சந்தோஷத்தில் அழுதேன். இத்தனை நாள் கழித்து அப்பா குரலைக் கேட்டேன் அம்மா என்றாள். எனக்காக இன்னும் ரெண்டு திட்டு வாங்கிவைக்கச் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மறுநாள் நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதி அனுப்பிய பதிலும் வந்து சேர்ந்தது. நாலே வரி. கண் தெரியாதவனுக்கு விளையாட்டுச் சாமான் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அறையை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்கிறீர்கள். கடைசி வரியில், நான் வந்தால் உனக்குப் பாரம், இங்கேயே ஒரு மூலையில் இருந்துவிடுகிறேன், நீ நிம்மதியாக இரு என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் எழுத மாட்டேன் என்று மகள் அடம்பிடித்தாளாமே. நீங்கள் விடவில்லை.

நிம்மதியா? காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிடுகிறேன். ஒன்றைக் கொட்டவும் மனசில்லை, குடிக்கவும் முடியவில்லை, ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. உங்கள் செருப்பில் கால் இடறினால், வழியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று வாய்விட்டே திட்டுகிறேன். பதில் சொல்ல யாருமில்லை. இதைத்தான் நிம்மதி என்கிறீர்களா?

எனக்கும் கோபம் வருகிறது. பாரமா இல்லையா என்பதைச் சுமக்கிறவள் சொல்ல வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், என் பங்குக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டீர்கள். உங்களுக்குக் கண் போய்விட்டதென்று நான் அழுதது உண்மை. என் புருஷனே போய்விட்டார் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லையே.

நானே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பஸ் டிக்கெட் எடுக்கப் போனேன். கவுன்டர் வரை போய்த் திரும்பிவிட்டேன். இழுத்து வந்த மனுஷரைக் கட்டிலில் உட்கார வைக்கலாம், சோறு ஊட்டலாம். அவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? நீங்களாகக் கிளம்ப வேண்டும். மகளைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

ரயிலைப் பற்றி இனி உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். நெஞ்சை அடைக்கிறது என்று சொன்ன பிறகு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? உங்களைக் கூட்டி வரத்தான் அந்தச் சத்தத்தையெல்லாம் உண்டாக்கினேன். அதுவே உங்களைத் தடுக்கிறது என்றால் எனக்கு வேண்டாம். போகட்டும். கடைக்காரரிடம் பேசிவிட்டேன். கார்க் போன விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். பரவாயில்லை, எடுத்துக்கொள்கிறேன் என்றார். மலையை உடைக்காமல் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். எஞ்சினையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி வைத்துவிட்டேன். விழுந்த பெண்ணைக் கட்டிலுக்கு அடியில் கண்டுபிடித்துவிட்டேன், கை ஒடியவில்லை. அவளையும் சுற்றி வைத்திருக்கிறேன்.

ஆனால் பலகையைக் கழற்றித் தந்தால்தான் படி வழியாக இறக்க முடியும் என்கிறார். அவர் ஆட்களே கழற்றுவதாகச் சொன்னார்கள். நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார், அவரையும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். நான் ஒருநாள் திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகைக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். விளக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தேடியும் பாதி ஸ்க்ரூ எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியவில்லை. அங்கே நீங்கள் எப்போதும் விளக்கு வைத்துக்கொண்டதில்லை. மல்லாந்து படுத்து, மேலே நிற்கும் என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே, கையால் தடவித் தடவித்தானே அத்தனையையும் முடுக்கினீர்கள்?

நீங்கள் கட்டியது. நீங்களே வந்து கழற்றுங்கள். அந்த வேலைக்கு யாருக்கும் கண் தேவையில்லை. முடித்த பிறகு அந்த அறையில் நீங்கள் காலே வைக்க வேண்டாம், பூட்டிவிடுவோம்.

கடவுள் உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். நீங்கள் என்னைக் கைவிடாமல் இருங்கள். பலகை கனமானது. ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். மறுமுனைக்கு ஆள் வேண்டும். வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி