எல்லாம் நார்மல்

குட்டிக்கு,

உன் பழைய விலாசத்துக்கு எழுதிய இரண்டு கடிதங்களும் திரும்பி வந்துவிட்டன. இதை உன் தோழியிடம் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள், உன்னிடம் சேர்ப்பதாகச் சொல்லவில்லை.

எனக்கு எட்டு மாதமாக வயிற்று வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஆயிற்று, ஒன்றுமில்லை. கடைசியில் டாக்டர் ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார். உடம்பையும் மனதையும் சேர்த்துப் பார்ப்பவளாம். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். என்னைப் பாயில் படுக்கவைத்து, "வயித்துக்குள்ள மூச்சை இழுங்க மேடம்" என்றாள்.

இருபது வருடமாகக் கல்லூரியில் உடலியல் நடத்துகிறவள் நான். "காத்து நுரையீரலுக்குத்தாம்மா போகும்" என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியும், வயித்துக்குத் தெரியாதே. சும்மா இழுங்க."

இழுத்தேன். வலிக்கிற இடத்தில் கையை வைக்கச் சொன்னாள். தொப்புளுக்கு இடப்பக்கம் வைத்தேன். பரீட்சை நாள் காலையில் நீ தொட்டுக் காட்டுவாயே, அதே இடம்.

கடைசியாக நீ அப்படிக் காட்டிய காலையில், உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு. நடிக்காம கிளம்பு" என்றேன். அன்று நீ பரீட்சைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. நான்கு வருடமாகிறது.

"வலிக்கும்போது வீட்ல யார்கிட்ட சொல்வீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். யாருமில்லை என்றேன். ஐயோ பாவம் என்று பார்த்தாள்.

சொல்ல ஆளில்லாமல் இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நீ சொன்னதைக் கேட்க உனக்கு நான் இருந்தேன்.

அம்மா